மூளைக்கு வெளியே ஓர் ஆணி

முதலில் ஒரு விளையாட்டு. ‘செங்கல்பட்டு’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். செ, ங், க, ல், ப, ட், டு என்று எண்ணினால் 7 எழுத்து. இப்போது கண்ணை மூடிக்கொண்டு, எதிலும் எழுதிப் பார்க்காமல், கடைசி எழுத்திலிருந்து தொடங்கித் திருப்பிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டீர்களா? அடுத்தது ‘மாமல்லபுரம்’. அதுவும் 7 எழுத்துதான். ஆனால் இந்த முறை ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டே சொல்ல வேண்டும். பக்கத்தில் அக்காவோ தம்பியோ நின்று ஏழாம் வாய்ப்பாட்டை உரக்க ஒப்பிக்க வேண்டும்.

பாதி வழியில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். எழுத்துகள் உங்களுக்குத் தெரியும், ஊர்ப் பெயரும் தெரியும். பிறகு ஏன் தடுமாற்றம்? தெரிந்ததை மனதில் நிறுத்தி வைத்தபடியே அதைக் கொண்டு ஒரு வேலையும் செய்ய, மூளையில் தனியாக ஒரு திறமை இருக்கிறது. செயல்படும் நினைவு என்று அதைச் சொல்வார்கள். அதன் அளவு மிகச் சிறியது. ஒரே சமயத்தில் சுமார் 7 துணுக்குகளை நிறுத்த முடியும் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் குறைத்து, உண்மையில் நான்குதான் தேறும் என்கிறார்கள். அந்தச் சின்ன இடத்துக்குள் நொண்டியும் வாய்ப்பாடும் புகுந்ததால், எழுத்துகள் வெளியே விழுந்துவிட்டன.

இந்த விளையாட்டில் நீங்கள் பட்ட பாட்டை, பள்ளிக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்குக் கிளம்பும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இந்த மாதம் அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: “ஷூவ மாட்டிக்கிட்டு, தண்ணி பாட்டில எடுத்து பையில வச்சிட்டு, டைரில அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு, அப்படியே பாட்டி ரூம்ல ஃபேன நிறுத்திட்டு வாடா!” பையன் “சரிம்மா” என்கிறான். மனதாரத்தான் சொல்கிறான். பத்து நிமிடம் கழித்து அம்மா வந்து பார்த்தால், ஒரு காலில் ஷூ. இன்னொன்று கையில். வாசற்படி ஓரமாகப் போகும் எறும்பு வரிசை, பாதியில் கிடக்கும் ஒரு சோற்றுப் பருக்கையை எப்படித் தூக்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வேன் ஹாரன் அடிக்கிறது. அதே நேரத்தில் அப்பா, பைக் சாவியைக் காணாமல் சட்டைப் பை, அலமாரி, சோபாவின் இடுக்கு என்று தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய மின்சார ரயில் அதற்குள் போயிருக்கும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி, “அப்பனும் சின்ன வயசுல இதே கூத்துதான்” என்கிறார்.

பாட்டி சொன்னதை மனதில் வையுங்கள். அது முக்கியமான அறிவியல் செய்தி.

இந்தப் பையனுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்க நிலையாக இருக்கலாம். மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு அது. உலகம் முழுவதும் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இது உண்டு. உங்கள் வகுப்பில் 40 பேர் என்றால் இரண்டு பேருக்கு இருக்க வாய்ப்பு. சிலருக்குக் கவனம் நிற்காது, சிலருக்கு உடம்பு ஓரிடத்தில் நிற்காது, பலருக்கு இரண்டும். கேள்வி முடிவதற்குள் பதில் வாயிலிருந்து வந்துவிடும். வரிசையில் காத்திருப்பது தண்டனையைப் போல இருக்கும்.

“எறும்பைப் பார்க்கிறப்ப மட்டும் கவனம் எப்படி வருது? படம் வரையச் சொன்னா ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றானே?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கவனமே இல்லாத மூளை இல்லை அது. கவனத்தை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பது அவன் சொற்படி நடப்பதில்லை, அவ்வளவுதான். புதியது, பிடித்தது, இந்த நொடியில் நடப்பது ஆகியவை அதை வலுவாக இழுக்கும். அடுத்த வாரப் பரீட்சை இழுக்காது.

நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். அந்த எலும்புக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நிறுத்துவது, பொறுப்பது, வரிசைப்படுத்துவது, சொன்னதை நினைவில் வைத்திருப்பது ஆகிய வேலைகளில் பெரும்பங்கு வகிக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களின் உதவியால் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்கின்றன. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இந்தச் செய்திப் போக்குவரத்து சற்று வேறு மாதிரி நடக்கிறது. 2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மூளையைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை தன் முழுத் தடிமனை எட்டும் வயதைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது சுமார் ஏழரை வயதில் நடந்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை வயதில். வளரும் வரிசை ஒன்றேதான், மூன்று வருடம் பிந்தி வருகிறது. அதிகம் பிந்தியது நெற்றிப் பக்கம். கை கால்களை அசைக்கும் பகுதியோ கொஞ்சம் முந்தியே வளர்ந்திருந்தது! உடம்பு ஓடத் தயார், நிறுத்தும் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்பது வயதுப் பையனிடம் “வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கோ” என்று சொல்வதில் எவ்வளவு அநியாயம் இருக்கிறது என்று இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இப்போது பாட்டியிடம் வருவோம். ஒரே உருவ இரட்டையர்களையும், உருவம் வேறுபட்ட இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. வருவதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்று அவை காட்டுகின்றன. அதனால்தான் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போகும் அப்பாவோ அம்மாவோ, அங்கே கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டு, “இது அப்படியே நான்தானே!” என்று திகைத்துப் போகிறார்கள்.

இனிப்பு தின்பதால்தான் இப்படி ஆடுகிறான் என்று ஒரு பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. 1994-இல் ஹூவர், மிலிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை அழகாகச் சோதித்தார்கள். சர்க்கரை சாப்பிட்டால் எங்கள் பையன் மாறிவிடுவான் என்று நம்பிய அம்மாக்களையும், 5 முதல் 7 வயதுப் பையன்களையும் வரவழைத்தார்கள். ஒரு பையனுக்குக்கூடச் சர்க்கரை தரவில்லை. இனிக்கும், ஆனால் சர்க்கரை இல்லாத பானம்தான் எல்லோருக்கும். பாதி அம்மாக்களிடம் மட்டும் “சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பிள்ளை இன்று அதிகமாகத் துள்ளுகிறான் என்று மதிப்பிட்டார்கள். அவனை அதிகம் குறையும் சொன்னார்கள். பல் சொத்தைக்காகவும் உடம்புக்காகவும் இனிப்பைக் குறைப்பது நல்லது. ஏ.டி.எச்.டி.க்குக் காரணம் அதுவல்ல. பெற்றோர் வளர்ப்பும் அல்ல.

சரி, அந்தப் பையனுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா? தண்ணீர் பாட்டில் வேண்டும் என்று தெரியும். டைரியில் கையெழுத்து வாங்காவிட்டால் டீச்சர் திட்டுவார் என்றும் தெரியும். செய்ய வேண்டிய நொடியில் அது மனதில் வந்து நிற்பதில்லை. ஆகவே நூறு முறை எடுத்துச் சொல்வதால் பயன் குறைவு. மனதில் நிற்காததை, செய்யவேண்டிய அதே இடத்தில், கண்ணில் படும்படி வெளியே வைத்துவிட வேண்டும். பல குடும்பங்களுக்கு உதவியிருக்கும் உபாயங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரே எண்ணம்தான்.

அடுத்த விடுமுறைக்கு மாமல்லபுரம் போனால், கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குன்றின் மேற்குப் பக்கம் நடந்தால் கோனேரிப் பள்ளத்தின் அருகில் புலிப்புதர் மண்டபம் என்று முடிக்கப்படாத குடைவரை ஒன்று இருக்கிறது. கூட்டம் அதிகம் வராத இடம். அங்கே பாறையை உற்றுப் பாருங்கள். பல்லவர் காலத்துச் சிற்பிகள் மலை போன்ற பாறையைப் பார்த்த பார்வையில் குடைந்துவிடவில்லை. பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான காடிகளை வெட்டி, முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தட்டி உடைத்து எடுத்திருக்கிறார்கள். எதுவரை முடிந்தது, அடுத்து எங்கே உளி வைப்பது என்பதைச் சிற்பி தலைக்குள் சுமக்க வேண்டியதில்லை. பாறையே சொல்லும். வீட்டுப் பாடம், அறையைச் சுத்தம் செய்வது, ஆண்டுப் பரீட்சை என்று மலைப்பாக நிற்கும் எதையும் இப்படிக் கட்டம் போட்டுத்தான் உடைக்க வேண்டும். ‘கணக்குப் பாடம் முடி’ என்பது முழுப் பாறை. ‘நோட்டைத் திற, தேதி போடு, முதல் கணக்கை மட்டும் எழுது’ என்பது மூன்று கட்டம். முடித்த கட்டத்தைப் பென்சிலால் அடிக்கவும் வேண்டும். அந்தக் கோடு கொடுக்கும் சின்ன மகிழ்ச்சி உடனே கிடைக்கிறது அல்லவா? தூரத்துப் பரிசுக்கு அசையாத மூளை, உடனே கிடைக்கும் பரிசுக்கு அசையும்.

நம் செங்கல்பட்டு வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். வாசல் கதவுக்குப் பக்கத்தில், அப்பாவின் கண் உயரத்தில் ஓர் ஆணி. உள்ளே நுழைந்ததும் சாவி அந்த ஆணிக்கு. செருப்பைக் கழற்றுவதற்கும் முன்னால். அழகான சாவிப் பெட்டி வாங்கி அலமாரிக்குள் வைத்தால் வேலைக்கு ஆகாது. கதவு மூடிய அலமாரிக்குள் போன பொருள் இந்த மூளைக்கு இல்லாத பொருள். சீசன் டிக்கெட்டைப் பர்ஸில் வைக்காமல் போன் உறைக்குப் பின்னால் செருகலாம். கரண்ட் பில்லை வங்கியே தானாகக் கட்டும்படி ஒருமுறை உட்கார்ந்து ஏற்பாடு செய்துவிடலாம். ஒருமுறை செய்தால் அதற்கப்புறம் நினைவு வைக்கத் தேவை இல்லாத வேலைகளை அப்படி ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறக்கிவிடுவது பெரியவர்களுக்கு மிக உதவும்.

அதே ஆணிக்குக் கீழே, பையனின் கண் உயரத்தில் ஒரு சிலேட்டு. அதில் எழுத்து வேண்டாம், படம் போதும்: ஷூ, பாட்டில், டைரி, டிபன் பாக்ஸ். நான்கே படம். படத்தைப் பையனே வரைய வேண்டும். அம்மாவும் தன் கட்டளையை மாற்றிக்கொள்ளலாம். சமையலறையிலிருந்து நான்கு வேலையைச் சேர்த்துக் கத்தாமல், பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, ஒன்றே ஒன்று. “என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்?” என்று அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டு, அது முடிந்தபின் அடுத்தது. கூடுதல் நேரம் ஆகும் என்று தோன்றும். கத்திக் களைத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இது குறைவு.

அம்மாவுக்கே இந்த நிலை இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, இதோ வந்துவிடலாம் என்று போய், துணி மடிக்க உட்கார்ந்து, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, ‘உனக்குப் பொறுப்பே இல்லை’ என்று வாழ்நாள் முழுவதும் கேட்டவர் அவர். அவருக்கு ஒரு பால் குக்கர் போதும். அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அதற்கு இரட்டைச் சுவர். இடைவெளியில் ஒரு திருகு மூடி வழியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுப்பின் சூடு முதலில் தண்ணீருக்குப் போய், அங்கிருந்துதான் பாலுக்குப் போகிறது. தண்ணீர் கொதிக்கும்போது கிளம்பும் நீராவி விசில் வழியாகச் சீறி, “வந்து நிறுத்து” என்று கூப்பிடுகிறது. நினைவு அம்மாவின் தலையிலிருந்து பாத்திரத்துக்கு இடம் மாறிவிட்டது!

நேரம் இன்னொரு தொல்லை. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு 5 நிமிடம் எவ்வளவு நீளம், அரை மணி எவ்வளவு நீளம் என்பது உள்ளுக்குள் சரியாகத் தெரிவதில்லை; இதைப் பல ஆய்வுகள் அளந்து பார்த்திருக்கின்றன. எண்கள் மட்டும் காட்டும் கடிகாரம் ‘7:20’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முள் ஓடும் கடிகாரத்தில் நேரத்துக்கு இடம் இருக்கிறது. அதன் கண்ணாடியில், வேன் வரும் 7:40-க்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். பெரிய முள்ளுக்கும் பொட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மிச்ச நேரம். அது சுருங்குவது கண்ணுக்குத் தெரியும்.

‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது இன்னொரு நல்ல வழி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதை நெடுங்காலமாக ஆராய்ந்தவர். 2008-இல் அவரும் கேட்டரினா காவ்ரிலோவும், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் கணினி விளையாட்டு போன்ற ஒரு சோதனை வைத்தார்கள். குறிப்பிட்ட சைகை வந்தால் பொத்தானை அழுத்தாமல் நிறுத்த வேண்டும். ‘நான் கவனமாக இருப்பேன்’ என்ற பொதுவான உறுதியைவிட, ‘இந்தச் சைகை வந்தால் அழுத்த மாட்டேன்’ என்று முடிச்சுப் போட்டுக்கொண்டபோது பிள்ளைகள் நன்றாக நிறுத்தினார்கள். ஆகவே ‘நாளையிலிருந்து மறக்க மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘பல் தேய்த்துவிட்டு வெளியே வந்தால், நேராகச் சிலேட்டுக்குப் போவேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

காலாட்டுவது பற்றி உங்கள் சார்பில் பெரியவர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். 2015-இல் அமெரிக்காவில் 8 முதல் 12 வயதுப் பையன்களுக்கு, நாம் தொடக்கத்தில் விளையாடியது போன்ற வரிசைப்படுத்தும் சோதனை வைத்து, அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்றும் பதிவு செய்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பையன்கள் அதிகம் அசைந்தபோது சோதனையைச் சிறப்பாகச் செய்தார்கள். மற்றப் பையன்களிடம் இது தலைகீழாக இருந்தது. ஒருவனுக்கு இடைஞ்சலாக இருப்பது இன்னொருவனுக்கு உதவியாக இருக்கிறது. அடுத்தவரை இடிக்காத வரை அந்தக் கால் ஆடட்டுமே.

ஓட்டமும் உதவுகிறது. சுமார் 20 நிமிடம் ஓடியபின் வாசிப்பிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறியதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோவளம், பட்டிபுலம், தேவநேரி பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மணல்வெளி. பள்ளி விட்டு வந்ததும் முதலில் ஓட்டம், பிறகு வீட்டுப் பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மணலில் மட்டும். அலைக்குள் இறங்குவது பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான். இதைக் கண்டிப்புடன் சொல்கிறேன். யோசிப்பதற்குள் கால் போய்விடுவதால், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு விபத்தில் அடிபடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன. அந்தச் சாலையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள், ‘தார் ரோடு தெரிந்தால் கையைப் பிடிப்பேன்’ என்ற முடிச்சைப் பத்து வயதானாலும் தளர்த்தக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடாமல், கத்தாமல், ஜன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்து கனவு காணும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. ‘மந்தம்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவளுக்கும் இதே நிலை இருக்கலாம். பலருக்கு முப்பது, நாற்பது வயதில், தன் பிள்ளைக்காகப் போன இடத்தில்தான் தெரியவருகிறது.

உங்களுக்கோ நண்பனுக்கோ இருக்கிறதா என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். எல்லோரும் சில நாள் மறக்கிறோம், சில நாள் துள்ளுகிறோம். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, 12 வயதுக்குள் அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையை உண்மையிலேயே இடறச் செய்ய வேண்டும். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் பேசி, ஆசிரியர் சொல்வதையும் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார். காது, கண், தூக்கம், மனக்கவலை ஆகியவற்றில் சிக்கல் இருந்தாலும் கவனம் சிதறும் என்பதால் அவற்றையும் பார்ப்பார். செங்கல்பட்டில் 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. வளர்ச்சியில் வேறுபாடுள்ள பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசனை, சிறப்புக் கல்வி, பல வகைப் பயிற்சிகள் அங்கே உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாத பெற்றோர், டெலி மானஸ் என்ற அரசு இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

சிலருக்கு மருத்துவர் மாத்திரையும் தருவார். அவற்றில் ஒன்று மெத்தில்பெனிடேட். 1944-இல் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் அதை உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்து வந்ததுதான் ரிட்டாலின் என்ற பெயர். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டியது. கண்ணாடி போடுவதில் வெட்கம் இல்லாதது போல இதிலும் இல்லை.

வளர்ந்தால் போய்விடுமா? சிலருக்கு நன்றாகக் குறைந்துவிடும். பலருக்கு ஓட்டமும் துள்ளலும் அடங்கி, மறதியும் நேரச் சிக்கலும் தங்கிவிடும். 100 பெரியவர்களில் இரண்டு மூன்று பேருக்காவது இது இருக்கிறது. அந்த அப்பாவும் மருத்துவரைப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். தன் சாவி ஏன் தொலைந்தது என்று புரிந்துகொண்ட அப்பா, மகனின் டைரி ஏன் மறந்தது என்பதையும் புரிந்துகொள்வார்.

ஒரு கடைசி எச்சரிக்கை, குறிப்பாக வீட்டில் சிலேட்டு மாட்டப் போகிறவர்களுக்கு. முதல் வாரம் அது பிரமாதமாக வேலை செய்யும். சில வாரங்களில் கண்ணுக்குப் பழகி, சுவரோடு சுவராகிவிடும். பையன் மறுபடியும் பாட்டிலை மறப்பான். “பார்த்தியா, இதுவும் உதவல” என்று கழற்றிவிடாதீர்கள். புதியதுக்குத்தான் இந்த மூளை திரும்பும் என்று பார்த்தோம் அல்லவா? சிலேட்டைக் கதவின் மறுபக்கம் மாற்றுங்கள். வெள்ளைச் சாக்பீஸை வைத்துவிட்டுப் பச்சையை எடுங்கள். பாட்டிலுக்கு இந்த முறை மீசை வரைந்துவிடுங்கள்.